ஐந்தாவது தட்டு

மேஜை ஐந்து பேருக்கு என்று நான் போனில் சொன்னபோது கடைக்காரர் உடனே நம்பவில்லை. "உங்களையும் சேர்த்தா?" என்றார். என்னையும் சேர்த்துத்தான் என்றேன். பிறகு, "நல்லது, ரொம்ப நல்லது" என்று வைத்துவிட்டார்.

அந்த இத்தாலிய உணவகம் என் அறை இருக்கும் தெருவின் முனையில், தரைக்குக் கீழே இருக்கிறது. குறுகலான படிகளில் இறங்க வேண்டும். செங்கல் வளைவுகள், சிவப்புக் கட்டம் போட்ட விரிப்புகள், பின்னால் விறகு அடுப்பு. பகலிலும் மேஜைக்கு ஒரு மெழுகுவத்தி எரியும். சமைப்பது கடைக்காரரின் மனைவி. கொண்டுவந்து வைப்பது அவர். சனிக்கிழமைகளில் நான் அங்கே மதியச் சாப்பாடு சாப்பிடுவேன். இது ஞாயிற்றுக்கிழமை. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி நான்கு பேரும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். மாலை ரயிலில் திரும்பிப் போகிறார்கள்.

படி இறங்கியதும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கூரை அவ்வளவு தாழ்வில்லை. புது இடம் எதுவானாலும் அவர் ஒருமுறை குனிவார்.

"என்னடி இது, பட்டப்பகல்ல கரண்ட் போன வீடு மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"வேணும்னேதாம்மா. தட்டுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா நீ குறை சொல்லுவேல்ல" என்றான் அண்ணன்.

கடைக்காரர் ஓடிவந்து வட்ட மேஜை ஒன்றைக் காட்டினார். உட்கார்ந்தோம். அப்பாவுக்கு இடது பக்கம் அம்மா, அம்மாவுக்கு இடது பக்கம் அண்ணன், அடுத்து அண்ணி. அண்ணிக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான். அண்ணிக்கு ஆறு மாதம். நாற்காலியை மேஜையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கண்ணாடி ஜாடியில் தண்ணீர் வந்தது. அண்ணன் அதை என் பக்கம் நகர்த்தினான்.

"சோதனைக்குழாய் மொதல்ல குடிக்கட்டும். அஞ்சு நிமிஷம் பார்ப்போம். மயங்கி விழலைன்னா நாமளும் குடிக்கலாம்."

நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு நான் சோதனைக்குழாய்தான். தண்ணீரைப் பரிசோதிக்கும் லேபில் எனக்கு வேலை. குழாய்களிலிருந்து எடுத்த தண்ணீரைச் சின்னத் தட்டுகளில் ஊற்றி, இளஞ்சூட்டில் வைத்து, மறுநாள் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் முளைத்திருக்காது. எங்கள் லேபில் அதுதான் நல்ல செய்தி.

கடைக்காரர் குனிந்து விரிப்பைச் சரிசெய்தபோது அவர் மூக்குக்கண்ணாடி நழுவியது. விரலால் ஏற்றிக்கொண்டார். மறுபடி நழுவியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அப்பாவும் அண்ணனும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

"பாப்பா, அவரக் கண்ணாடியக் கழட்டச் சொல்லு."

"அப்பா, வேண்டாம்பா."

"சொல்லும்மா. வலது பக்கத் திருகாணி ஆடுது. எனக்குச் சோறு எறங்காது."

"சொல்லிடுடி" என்றாள் அம்மா. "கல்யாண வீட்டுலயே மாப்பிள்ளையக் கழட்டச் சொன்ன மனுஷன்."

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கடைக்காரர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஆணியை இறுக்கினார். காதுத் தண்டை மெழுகுவத்திக்கு மேலே லேசாகக் காட்டி, சூடு ஏறியதும் வளைத்தார். கடைக்காரர் மாட்டிக்கொண்டு தலையைப் பலமாக ஆட்டிப் பார்த்தார். கண்ணாடி அசையவில்லை. அடுப்படியைப் பார்த்து மனைவியிடம் ஏதோ கத்தினார். அப்பாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. அந்த ஆள் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை நான் மேனேஜருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் ஒப்பந்தம் முடிகிறது. நீடிக்கிறேன் என்றோ கிளம்புகிறேன் என்றோ சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. எனக்குக் கிளம்ப வேண்டும் என்றிருந்தது. வேலை மோசமில்லை. கூட வேலை செய்கிறவர்களும் நல்லவர்கள்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை லேபைப் பூட்டிவிட்டு வந்தால், திங்கட்கிழமை காலைவரை நான் வாயைத் திறப்பது இந்த உணவகத்தில் சூப் கேட்கும்போது மட்டும்தான்.

வீட்டுக்கு வரட்டுமா என்று நானாகக் கேட்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கேட்டால் வா என்றுதான் சொல்வார்கள். நான் கேட்டதற்காகச் சொன்னார்களா, நான் வேண்டும் என்று சொன்னார்களா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விடும். அவர்கள் கூப்பிட வேண்டும். ஒருத்தர் கூப்பிட்டால் போதும். அவர்கள் வந்திறங்கிய நாளிலிருந்து காத்திருந்தேன். என் அறை சின்னதாக இருக்கிறது என்றார்கள், ஜன்னல் நன்றாக இருக்கிறது என்றார்கள். வந்துவிடு என்று யாரும் சொல்லவில்லை. இனி இந்தச் சாப்பாடு ஒன்றுதான் பாக்கி.

"சரி, ஆரம்பிப்போமா?" என்றார் அப்பா.

வெளியே சாப்பிடப் போனால் எங்கள் வீட்டில் யாரும் தனக்கென்று கேட்கக்கூடாது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் சொல்ல வேண்டும். நானும் அண்ணனும் சின்னவர்களாக இருந்தபோது, உனக்கு வந்தது எனக்கு வேண்டும் என்று ஹோட்டலில் உருண்டு அழுததால் அப்பா கொண்டுவந்த சட்டம். வந்ததைத் தின்ன வேண்டும், முகம் சுளிக்கக்கூடாது. நான் வீட்டில் இருந்தவரை அண்ணன் எனக்குச் சொல்வான், நான் அப்பாவுக்குச் சொல்வேன். பாகற்காய் எந்த ரூபத்தில் கிடைத்தாலும் அவன் எனக்கு அதைத்தான் சொல்வான்.

உணவுப் பட்டியல் இங்குள்ள மொழியில் இருந்தது. நான் ஒவ்வொன்றாகப் படித்து என்ன என்று விளக்கினேன். கடைக்காரர் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டார்.

"உங்கம்மாவுக்கு அந்தக் காளான் போட்ட சோறு" என்றார் அப்பா. "மெல்ற வேலை கம்மி. பேசறதுக்கு வசதி."

"இவனுக்கு அந்த அடுக்கடுக்கா வெக்கறது என்னது, லசான்யாவா? அதச் சொல்லு" என்றாள் அம்மா. "தொப்பை ஏற்கெனவே அடுக்கடுக்காத்தான் இருக்கு."

அண்ணன் அண்ணியைப் பார்த்து, "இவளுக்கு உள்ள கீரை வெச்ச ரவியோலி" என்றான். "டாக்டர் கீரை சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

"இங்க வந்துமா கீரை?" என்றார் அண்ணி. "முகம் சுளிக்கக்கூடாது" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இப்போது அண்ணி எனக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு இடது பக்கம் நான்தான். அண்ணி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மாமாவுக்குத் தக்காளி பாஸ்தா" என்றார். "நல்லா வேக வெச்சுக் குடுக்கச் சொல்லும்மா. பல்லு வலின்னு நேத்துலேருந்து சொல்றார்."

நான் அதை அப்படியே கடைக்காரரிடம் சொன்னேன். அப்பா பட்டியலை மூடினார். "முடிஞ்சுதா? பேஷ்."

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நான் கிளம்பி வந்த பிறகு கல்யாணமாகி வந்த அண்ணி என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு இடது பக்கம் எப்போதும் அப்பாதான். நான்கு பேராகச் சுற்றிச் சுற்றி அவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குச் சொல்லவில்லை என்று அப்போதே சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். அண்ணன் சொல்லியிருப்பான். நான் பேசாமல் இருந்தேன். யாராவது கவனிக்கிறார்களா பார்ப்போம் என்று ஒரு எண்ணம். கடைக்காரர் ஒரு கணம் எனக்காக நின்றார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

ரொட்டித் துண்டுகளும் ஒரு கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெயும் வந்தன. அண்ணன் வீட்டு விஷயம் சொல்லத் தொடங்கினான்.

"உன் ரூமுக்கு வெளிர் மஞ்சள் அடிச்சிருக்கோம்."

"எதுக்கு?"

"பையனா பொண்ணான்னு தெரியாதுல்ல. மஞ்சள் ரெண்டுக்கும் ஆகும். தொட்டில்கூட வந்தாச்சு."

"உன் புத்தகமெல்லாம் பத்திரமா பரண்ல இருக்கு" என்றாள் அம்மா. "நானே துணி சுத்தி வெச்சேன். எங்க போனாலும் உன் பேச்சுதான். என் பொண்ணு ஒரு ஊருக்கே தண்ணி குடுக்கறான்னு உன் பெரியம்மாகிட்ட சொன்னேன். அவ வாயே தொறக்கல."

"குடுக்கலம்மா. சுத்தமா இருக்கான்னு பாக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். என்னைப் பற்றிய பெருமையும் அதில் ஒரு பங்கு என்று தெரிந்தது. ரொட்டியை எண்ணெயில் தொட்டுச் சாப்பிட்டேன்.

கடைக்காரர் இரண்டு கைகளிலுமாக நான்கு தட்டுகளைக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு, அண்ணனுக்கு, அண்ணிக்கு, அப்பாவுக்கு. வைத்துவிட்டு நகராமல் நின்றார். என் முன்னால் விரிப்பின் சிவப்புக் கட்டங்கள் மட்டும் இருந்தன.

"உன்னுது எங்க?" என்றாள் அம்மா.

நான் சிரித்தேன். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

"யாரு பாப்பாவுக்குச் சொல்லணும்?" என்றார் அப்பா.

"நான் எப்பவும் சொல்வேன்" என்ற அண்ணன், பிறகு தன் இடது பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, நான்தான். நான்தான் சொல்லணும். பழக்க தோஷத்துல மாமாவுக்குச் சொல்லிட்டேன்."

"அவ மேல தப்பில்ல. சட்டம் போட்டவர்தான் கவனிக்கணும்" என்றாள் அம்மா.

"நீ என்னத்தக் கவனிச்சே? பரணப் பத்திப் பேசிட்டிருந்தே."

"விடுங்க. எனக்குப் பசியே இல்ல. ரொட்டி நெறைய சாப்பிட்டேன்" என்றேன்.

நான்கு பேரும் ஆளுக்கொரு கரண்டி எடுத்து என் பக்கம் நீட்டினார்கள். வாங்கிக்கொள்ள என்னிடம் தட்டு இல்லை. கடைக்காரர் நடப்பது என்னவென்று புரிந்தவர்போல் குனிந்து என்னிடம் பேசினார். கொஞ்சம் நீளமாகவே பேசினார். அப்பா கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்த உரிமையில், என் குடும்பத்தாரைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"என்ன சொல்றார்?" என்றாள் அம்மா.

"நான் வழக்கமா சாப்பிடற சூப்பக் கொண்டுவரட்டுமான்னு கேக்கறார்."

"அதுக்கு இவ்வளவு நேரமா பேசினார்?"

"அவ்வளவுதாம்மா."

"உன் பேரு ரெண்டு வாட்டி வந்துச்சு. சுவரக் காட்டினார். என்னன்னு சொல்லு."

அம்மாவிடம் ஒன்றை மறைப்பது எனக்கு எப்போதும் வந்ததில்லை. கடைக்காரர் வேறு, சொல் சொல் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

"பீன்ஸ் சூப்பு. அதுல அவங்க வீட்டம்மா எனக்காக ஒரு முட்டை ஒடச்சு ஊத்துவாங்களாம், அது பட்டியல்லயே இல்லையாம். நான் ரொட்டி ஓரத்த மொதல்ல சாப்பிடுவேனாம். ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசினதில்லையாம். கடை பூரா காலியா இருந்தாலும் அந்த மேஜையிலதான் உக்காருவேனாம், சுவரப் பார்த்து. எனக்குன்னு யாரும் இல்ல போலிருக்குன்னு அவரும் அவங்க வீட்டம்மாவும் நெனச்சிட்டிருந்தாங்களாம். இன்னிக்கு இத்தனை பேரப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷமாம்."

அடுப்பில் விறகு சடசடத்தது. கடைக்காரர் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துவிட்டு சூப் கொண்டுவரப் போனார்.

"ஏன் சுவரப் பார்த்து?" என்றார் அப்பா.

எனக்குக் காரணம் தெரியும். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் மற்ற மேஜைகள் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான் வீட்டுக்கு வந்துடட்டுமாப்பா?" என்றேன்.

எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை விஷயத்தையும் சொன்னேன்.

"இதென்ன கேள்வி?" என்றார் அப்பா உடனே. "வா. உன் வீடு."

"வா வா. வந்துடு" என்றான் அண்ணன். "வேலை என்ன வேலை. நம்ம ஊர்ல இல்லாத தண்ணியா? ரூம் ஒண்ணுதான் யோசிக்கணும். தொட்டில எங்க ரூமுக்கு மாத்திடலாம்."

"எங்க ரூம்ல பீரோ இருக்கே" என்றார் அண்ணி. "பரவால்ல. பீரோவ ஹாலுக்குக் கொண்டுபோயிடலாம்."

"ஹால்ல பீரோ வெச்சா சோபா?" என்றார் அப்பா. "சோபாவ எடுத்துடலாம். கடைக்குக் கொண்டுபோயிடலாம். வர்றவங்க உக்காரட்டும்."

"இல்லேன்னா இவ மேல ரூம்ல படுத்துக்கட்டும், வெயில் காலம் மட்டும் கஷ்டம்..." என்றான் அண்ணன்.

பாஸ்தா ஆறிக்கொண்டிருந்தது. பீரோவும் சோபாவும் மேஜையின் மேல் இடம் மாறிக்கொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒருத்தர்கூட முடியாது என்று சொல்லவில்லை. எனக்காக ஒரு இடம் செய்துகொண்டிருந்தார்கள். செய்ய வேண்டியிருந்தது.

அம்மா மட்டும் அந்தச் சுவரோர மேஜையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப் வந்தது. மஞ்சள் கரு உடையாமல் நடுவில் நின்றது. நான்கு பேரும் நான் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். அப்பா தன் பாஸ்தாவைக் கடித்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு, நடுவுல மட்டும் கொஞ்சம் வேகல" என்றார். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னார்.

கை கழுவப் போனபோது அண்ணி பின்னாலேயே வந்தார். குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமல் நின்றார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுங்கண்ணி."

"நீ வரட்டுமான்னு கேட்டப்ப எனக்கு உடனே சந்தோஷம் வரல."

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன்.

"கல்யாணமான புதுசுல ஹோட்டலுக்குப் போனா, உங்கண்ணன் என் பக்கம் திரும்பி உன் பேரச் சொல்லிடுவார். எல்லாரும் சிரிப்பாங்க. அவ இருந்தா இதச் சாப்பிடுவா, அதச் சாப்பிடுவான்னு அத்தை சொல்வாங்க. நானும் சிரிப்பேன். எனக்கு என்ன புடிக்கும்னு அவங்களுக்குத் தெரிய ரொம்ப நாளாச்சு. இப்பத்தான் மாமாவுக்கு நான் சொல்றேன், அவர் சாப்பிடறார்." குழாயை மூடினார். "நீ வா. நெஜமா சொல்றேன். ஆனா எனக்கு பயமாவும் இருக்கு. அத மறைச்சுட்டு வான்னு மட்டும் சொன்னா அது பொய்யாயிடும்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் காகிதத் துவாலையை இழுத்துக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ் அண்ணி."

"எதுக்கு?"

"சொன்னதுக்கு."

என் இடம் அங்கே காலியாக இருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போய் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று. அந்த மேஜையில் அன்று இருந்தவர்களில் ஒருவராவது உள்ளபடி சொன்னார் என்பது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. எந்த விதத்தில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கிளம்பும்போது கடைக்காரரின் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள். நான் மொழிபெயர்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

ரயில் நிலையத்தில் நடைமேடை ஈரமாக இருந்தது. அண்ணன் பெட்டிகளை ஏற்றினான். நான் சொன்னேன்:

"நான் இங்கயே நீடிக்கறேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்பா."

"நல்லா யோசிச்சியா பாப்பா?"

"யோசிச்சேன்."

அப்பா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். அவர் தோள்கள் இறுக்கம் விட்டு லேசாக இறங்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"லீவுக்கு வந்துடு, சோதனைக்குழாய்" என்றான் அண்ணன். "மஞ்ச ரூம்லயே படுத்துக்கோ. கொழந்த அழுதா நீதான் எழுந்து ஆட்டணும். வாடகை அதான்."

எல்லோரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "கொழந்த பொறந்ததும் மொத போன் உனக்குத்தான்" என்றார்.

அம்மா கடைசியாக ஏறினாள். ஒரு கால் படியில் இருக்க, திரும்பினாள்.

"ரொட்டி ஓரம் உனக்கு எப்பலேருந்து புடிக்கும்? சின்னதுல பிச்சு என் தட்டுலதானே போடுவே?"

"தெரியலம்மா. இங்க வந்த அப்புறம்தான்."

"நீ வான்னு சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு" என்றாள். "எல்லாரும் முந்திக்கிட்டாங்க." மேலும் ஏதோ சொல்ல இருந்தாள். பின்னால் ஒருவர் பெட்டியோடு நின்றதால் உள்ளே போக வேண்டியதாயிற்று.

ரயில் போன பிறகு அறைக்குப் போகத் தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்த் திசையிலிருந்து ஒரு ரயில் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி கையில் பையோடு அங்குமிங்கும் தேடினாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை உயர்த்தி ஆட்டினாள். இரண்டடி நெருங்கி வந்த பிறகுதான் நான் வேறு யாரோ என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, விலகிப் போய் மறுபடி தேடத் தொடங்கினாள்.

அதற்குள் நானும் கையைத் தூக்கி ஆட்டியிருந்தேன்.